முதலில் வலி எந்தப் பக்கம் என்று கேளுங்கள்: எம்.டி. ரேடியாலஜி பிராக்டிகல் அனுபவம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. இரண்டாவது முறையில் பாஸ். முதல் முறை என்னைக் கவிழ்த்தது டிரைஜெமினல் நியூரால்ஜியா கேஸ்: முகத்துக்கு உணர்வு தரும் ஐந்தாம் மூளை நரம்பின் பாதையில் ஷாக் அடிப்பதுபோல் வரும் வலி.

சிஸ் படம், அதாவது நரம்பையும் ரத்தக் குழாயையும் நுணுக்கமாகக் காட்டும் ஒரு எம்.ஆர்.ஐ. வகை. வலது பக்கம் சுப்பீரியர் செரிபெல்லர் தமனி (சிறுமூளைக்குப் போகும் ரத்தக் குழாய்) ஐந்தாம் நரம்பின் மேல் படுத்திருந்தது. பார்த்த வேகத்தில் "கம்ப்ரஷன்", நரம்பை அழுத்துகிறது என்றேன். "வலி எந்தப் பக்கம்?" என்றார் எக்ஸாமினர். கேஸ் ஷீட்டில் இடது என்று இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை.

அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: வலி எந்தப் பக்கம், நரம்பின் எந்தக் கிளை என்று தெரியாமல் படத்தைத் தொடாதீர்கள். வலியே இல்லாதவர்களுக்கும் ரத்தக் குழாய் நரம்பில் ஒட்டியிருப்பது சகஜம். 2018இல் வந்த ஐ.சி.எச்.டி-3 (தலைவலி, முகவலிகளுக்கான சர்வதேச வகைப்பாடு) தெளிவாகவே சொல்கிறது: ரத்தக் குழாய்தான் காரணம் என்று சொல்ல வெறும் தொடுகை போதாது, நரம்பு நகர்ந்திருக்க வேண்டும் அல்லது மெலிந்திருக்க வேண்டும்.

இது எனக்கு உண்மையில் புரிந்தது கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு மீன்காரம்மாவால். முந்தானையால் இடது கன்னத்தை மூடியிருந்தார். ஃபேன் காற்றுகூட ஆகாது. "பல்லுன்னு நெனச்சு ரெண்டைப் புடுங்கிட்டாங்க தம்பி, வலி போவல" என்றார். ஸ்கேனில் தலையைச் சுற்றி வைக்கும் ஹெட் காயிலின் பஞ்சு அந்தக் கன்னத்தில் படாமல் டெக்னீஷியன் அண்ணன் பார்த்துப் பார்த்து வைத்தார். கரோனலில் (முன்னாலிருந்து பார்ப்பது போன்ற வெட்டில்) இரண்டு பக்க நரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது நரம்பு கீழே தள்ளப்பட்டு, வலது நரம்பின் பருமனில் பாதிதான் இருந்தது. அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் இவை:

- ஸ்லைஸ் (படத்தின் ஒவ்வொரு வெட்டின் தடிமன்) 1 மி.மீ.க்குள். சீமென்ஸ் மெஷினில் சிஸ், ஜி.ஈ. மெஷினில் அதே வகைக்குப் பெயர் ஃபியஸ்டா-சி. பெயர் மாறினால் குழம்பாதீர்கள். என்னிடம் இரண்டு முறையும் கேட்டார்கள்.
- டி.ஓ.எஃப்.பில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) தமனி பளிச்சென்று தெரியும், சிரை பெரும்பாலும் தெரியாது. சிரை அழுத்துகிறதோ என்று பட்டால் காடோலினியம் (ஊசியில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து) கொடுத்து எடுத்த 3டி டி1 படத்தைப் பாருங்கள்.
- டிஃப்யூஷனை (நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) விடாதீர்கள். எபிடெர்மாய்டு என்ற கட்டி டி2 படத்தில் சி.எஸ்.எஃப். (மூளையைச் சுற்றியுள்ள திரவம்) போலவே இருக்கும், டிஃப்யூஷனில் வெள்ளையாக நிற்கும்.
- இளவயது, இரண்டு பக்கமும் வலி என்றால் பான்ஸில் (மூளைத் தண்டின் நடுப்பகுதி) எம்.எஸ். பிளேக், அதாவது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயின் தழும்பு, தேடுங்கள்.
- முகத்தின் ஒரு பக்கம் தானாகத் துடித்தால் அது ஏழாம் நரம்பு, ஹெமிஃபேஷியல் ஸ்பாசம். முகவலிக்கு ஐந்தாம் நரம்பு. பதற்றத்தில் மாற்றிச் சொல்பவர்கள் நிறைய.

குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலை, வண்டிகள் விடாத நேரத்தில், புதுச்சேரி பீச் ரோட்டில் நடந்துகொண்டே ரிப்போர்ட்டைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். ஒவ்வொன்றையும் "இடது பக்க வலி" அல்லது "வலது பக்க வலி" என்றுதான் ஆரம்பிப்பேன். இரண்டாவது முறை தேர்விலும் வாயில் முதலில் வந்தது அதுதான்.