உளுந்து மேல் பழி போடாதீர்கள்

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளிக்கிற ஊர் நம்முடையது. யூரிக் ஆசிட் கூடியிருக்கு என்று ரிப்போர்ட் வந்தால் வீட்டில் முதலில் நிறுத்துவதும் அந்த உளுந்தைத்தான். பாவம் அது. பருப்பு சாப்பிடுவதால் கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வலி நோய்) கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நாகப்பட்டினத்து மத்தி, நெத்திலிக் கருவாடு, ஆட்டு ஈரல், பீர் எல்லாம் வேறு கதை, அவற்றைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனாலும் ரத்தத்தில் ஓடும் யூரிக் ஆசிடில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உடம்பே தயாரிப்பது.

தயாரிக்கிற ஆள் சாந்தீன் ஆக்சிடேஸ். கல்லீரலிலும் குடலிலும் நிறைய இருக்கும் என்சைம், நடுவில் ஒரு மாலிப்டினம் அணு. செல் பழசாகி உடையும்போது அதன் மரபணுப் பொருளிலிருந்து வரும் பியூரின் என்ற கழிவு ஹைப்போசாந்தீனாகும். இந்த என்சைம் அதைச் சாந்தீனாக்கி, சாந்தீனை யூரிக் ஆசிடாக்கும். மற்ற பாலூட்டிகள் பலவற்றுக்கு அதையும் கரைக்க யூரிகேஸ் உண்டு, நமக்கு இல்லை. டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் தாண்டினால் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். உடம்பிலேயே குளிர்ந்த மூட்டுகளில் ஒன்று கால் பெருவிரல், அதனால் பெரும்பாலும் அங்கேதான் முதல் அடி. போர்வை நுனி பட்டாலே உயிர் போகும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஹைப்போசாந்தீன் போலவே வேஷம் போட்டு என்சைமின் வாயை அடைப்பது ‘அல்லோபியூரினால்’ என்ற மாத்திரை. தினம் 100 மில்லிகிராமில் தொடங்குவார்கள், கிட்னி பலவீனம் என்றால் 50. சில வாரத்துக்கு ஒருமுறை மாத்திரையைக் கூட்டி, யூரிக் ஆசிடை 6-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: அளவு இறங்கும்போது பழைய படிகம் கரைந்து அசைய, மறுபடி வலி வரும். "மாத்திரைதான் கெடுத்தது" என்று தூக்கி எறிவார்கள். நிறுத்தக் கூடாது. அதற்காகத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் அந்த வலியைத் தடுக்கும் கோல்ச்சிசின் மாத்திரை 0.5 மில்லிகிராம் சேர்த்துத் தருவது, அதுவும் கிட்னி நிலை பார்த்து.

தோலில் தடிப்பு, சிவப்பு வந்தால் மட்டும் அல்லோபியூரினாலை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அசாதியோபிரின் (நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள் இன்னும் உஷார். அதை உடைப்பதிலும் இதே என்சைமுக்குப் பங்கு உண்டு, அடைத்தால் மருந்து தேங்கி எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். பிரஷருக்குத் தரும் நீர் மாத்திரையும் சிலருக்கு யூரிக் ஆசிடை ஏற்றும். டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டையையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள்.