பெரியவளானா…

"பெரியவளானா சரியாப் போயிடுமா மிஸ்ஸி?"

பேத்திக்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய். அவளைப் பற்றிப் பாட்டி, தாதியான என்னிடம் இப்படிக் கேட்டு ஆறு வருடமாகிறது. நான் சொன்ன பதில் இன்னும் என்னை விடவில்லை.

மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதில் இரண்டு பாதி இருந்தது. பருவமடைந்த பிறகு எலும்பு முறிவது பெரும்பாலும் குறையும் என்பது ஒன்று. மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி கூடலாம், இடையில் காது கேட்பதும் மங்கலாம் என்பது மற்றது. தமிழில் சொல்லவேண்டியவள் நான். "ஆமா பாட்டி, பெரியவளானா குறையும்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

குறையும் என்றுதான் சொன்னேன், சரியாகும் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியே 'சரியாப் போயிடுமா' என்பதுதானே? அதற்கு 'ஆமா' என்று தொடங்கியது நான்தான்.

பாட்டி அரைகுறையாகக் கேட்பவர் இல்லை. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, பேம்பர்ஸ் மாற்றக் கணுக்காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, அக்குளில் கைகொடுக்கக்கூடாது, பிட்டத்துக்கு அடியில் ஒரு கை, தலைக்கும் தோளுக்கும் அடியில் ஒரு கை என்று ஒரே முறைதான் காட்டினேன். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அவரே கற்றுக்கொடுத்துவிட்டார். அப்படிப்பட்டவர் இந்தச் சொல்லையும் அப்படியே பிடித்துக்கொண்டார்.

பாட்டி அப்படிக் கேட்ட அன்று பேத்திக்கு ஆறு வயது. தொடையெலும்பில், வளர வளர நீளும் கம்பி வைத்திருந்தார்கள். கையில் சொலெட்ரோனிக் அமிலம் என்ற எலும்பு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். ஐம்பது வயதில் வரப்போவதை அவள் முன்னால் எதற்குச் சொல்வது? இப்போதும் அது நியாயமாகவே படுகிறது. பிறகு பாட்டியைத் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாமே? வேலை இருந்தது என்றால் பொய். அவர் முகத்தில் வந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் பாட்டி அழைத்தார். "பேத்தி பெரியவளாயிட்டா மிஸ்ஸி. ஞாயித்துக்கிழமை தண்ணி ஊத்துறோம். இனிமே அந்த மருந்து ஏத்த வேணாம்ல?" அடுத்த அப்பாயிண்ட்மெண்டை ஏற்கெனவே ரத்து செய்திருந்தார்கள்.

மருந்து எலும்பை அடர்த்தியாக்கும், பிறவியிலேயே பழுதான, எலும்பின் புரதமான கொலாஜனைத் திருத்தாது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும் என்று விளக்கினேன். மறுபடி தேதி வாங்கினார்கள். இந்த நோயை 1979-இல் மருத்துவர் சிலன்ஸ் வகைப்படுத்திய வரிசையில் அவளுடையது நான்காம் வகை. ஆயுளுக்குப் பெரும்பாலும் பயமில்லை. அதனால்தான் இனி வரும் ஐம்பது, அறுபது வருடங்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். காதைப் பற்றித் தொலைபேசியிலும் சொல்லவில்லை.

சடங்குக்குப் போயிருந்தேன். சிங்கப்பூர்த் தேக்காவில் எடுத்த பட்டுச்சேலையில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்ன வாக்கு பலிச்சிடுச்சு" என்றார். அவர் பந்தியைப் பார்க்க நகர்ந்ததும் அவள் என்னை அருகில் கூப்பிட்டாள்.

"எனக்கு எல்லாம் தெரியும் மிஸ்ஸி, படிச்சிட்டேன். பாட்டிகிட்ட இப்ப சொல்லாதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டேன்.