தோணி துறையை விட்டுக் கிளம்ப எத்தனை காகிதம்?

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் தோணி வைத்துத் தொழில் செய்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகக் காகிதங்கள் இருக்கும். அத்தனையையும் ஒரே கட்டாகக் கட்டி, மேலே 'சுங்க ரசீது' என்று எழுதி வைத்துவிடுகிறோம். அந்தக் கட்டில் ரசீது என்று சொல்லத்தக்கது ஒன்றிரண்டு தேறினால் அதிகம். மற்றவை விண்ணப்பம், பட்டியல், உத்தரவு. எதற்குப் பின் எது வந்தது என்று தெரிந்துவிட்டால், ஒரு தோணியின் பயணத்தை முதலிலிருந்து கடைசி வரை அதிலிருந்தே படித்துவிடலாம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். சென்னை மாகாணத்தில் உள்நாட்டு வழிச்சுங்கத்தை ஒழித்து, கடல்வழி ஏற்றுமதி இறக்குமதித் தீர்வையைத் திருத்தி அமைத்தது 1844-ஆம் ஆண்டின் 6-வது சட்டம். அதன் பின் 1878-ஆம் ஆண்டின் 8-வது சட்டமான கடல் சுங்கச் சட்டம் இந்தியத் துறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அதுவேதான் நடந்தது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் 1963 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் பழையது விலகியது. ஆகவே பெட்டியில் இருக்கும் காகிதம் 1955-ஆம் வருடத்ததாக இருந்தாலும் அதன் பின்னால் நிற்பது 1878-தான்.

காகிதத்தைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது போகும் ஊரின் பெயர். தூரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 22 மைல். ஆனால் இலங்கை பிரிட்டிஷ் இந்தியாவில் சேராத தனிக் குடியேற்ற நாடு. அதனால் அந்த 22 மைல் அந்நிய ஏற்றுமதி. கீழக்கரையிலிருந்து சங்கு ஏற்றிக்கொண்டு கல்கத்தா போனால் ஆயிரம் மைலுக்கு மேல், ஆனாலும் அது கரையோர வாணிபம். அணியம் (தோணியின் முன்பக்கம்) எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தே எந்தக் காகிதம், எவ்வளவு தீர்வை என்பது முடிவாகும். காரைக்காலுக்குப் போனாலும் அந்நியத் துறைதான், அது அன்று பிரெஞ்சுக்காரர் ஊராக இருந்ததால்.

இலங்கைக்குப் போகும் தோணியை எடுத்துக்கொள்வோம். சரக்கில் ஒரு மூட்டைகூட ஏறுவதற்கு முன், தண்டல் (தோணியை நடத்தும் தலைவர்) எழுத்து மூலம் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கப்பலின் பெயர், எத்தனை டன், எந்த நாட்டுக் கப்பல், தண்டலின் பெயர், எந்தெந்த ஊருக்குச் சரக்கு ஏற்றப்போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் மேல் சுங்க அதிகாரி 'ஏற்றலாம்' என்று உத்தரவு எழுதுவார். இதைத்தான் வெளிச்செல்லும் பதிவு என்பது. பலர் இதைப் புறப்பாட்டு அனுமதி என்று நினைத்துவிடுகிறார்கள். இது புறப்பட அனுமதி அல்ல, ஏற்றுவதற்கு மட்டும்தான்.

அடுத்தது ஷிப்பிங் பில். இது தண்டலுடைய பொறுப்பில் வராது, சரக்குக்காரர் கொடுக்க வேண்டியது. இரண்டு பிரதி. என்ன சரக்கு, எத்தனை சிப்பம், மேலே என்ன குறி, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு. தீர்வை கட்டி, அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே சரக்கு கரையை விட்டு நகரலாம். பயணிகளின் சொந்த மூட்டை முடிச்சுக்கு மட்டும் இது வேண்டியதில்லை. ஒரே தோணியில் ஐந்து வியாபாரிகளின் சரக்கு ஏறினால் ஐந்து பேரும் தனித்தனியே பில் போட வேண்டும். கட்டில் ஒரே தேதியில் வெவ்வேறு பெயரில் பில்கள் இருப்பதற்கு இதுவே காரணம்.

அரிசித் தீர்வையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், தப்பு அதிகம் நடக்கும் இடம் அதுதான். 1882-க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு ஏற்றுமதித் தீர்வை என்று மிஞ்சியிருந்தது அரிசிக்கு மட்டுமே. இலங்கையோ தமிழ்நாட்டு அரிசியை நம்பியிருந்த ஊர். ஆகவே அந்த வரியின் பாரம் நம் கரையில் நேராக விழுந்தது. விகிதம் மணங்குக்கு 3 அணா. எந்த மணங்கு என்பதில்தான் சிக்கல். நம் கடைத்தெரு மணங்கு 8 வீசை, அதாவது 25 ராத்தல் (பவுண்டு). தீர்வைப் பட்டியலில் இருந்ததோ இந்திய மணங்கு, 82 2/7 ராத்தல். இரண்டு இந்திய மணங்கு பிடிக்கும் மூட்டை 100 ஏற்றினால் 200 மணங்கு, 600 அணா, ரூபாய்க்கு 16 அணா என்பதால் 37 ரூபாய் 8 அணா. அதே 100 மூட்டையைக் கடைத்தெரு மணங்கில் எழுதினால் 658 மணங்கு ஆகிவிடும், தீர்வை 123 ரூபாயைத் தாண்டும். வீட்டுக் கணக்கில் மரக்காலும் கரிசையும் இருக்கும், 400 மரக்கால் ஒரு கரிசை. அது முகத்தல் அளவு, மணங்கு எடை. வீட்டுக் கணக்கையும் பில்லையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் உடனே திருட்டுக் கணக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் மணங்கை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. உமி நீக்கியதோ நீக்காததோ, அரிசி என்றால் ஒரே விகிதம். தவிட்டுக்குத் தீர்வை இல்லை. நெல்லாக ஏற்றுகிறவர் உமிக்கும் உள்ளே ஒட்டியிருக்கும் தவிட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார் என்று அர்த்தம். குத்தி அரிசியாக்கி அனுப்புவது கணக்குக்குக் கட்டும். சட்டம் போட்டவர்கள் வசதிக்காக ஒரே எடையில் முடித்துவிட்டார்கள். நெல் வியாபாரிக்கு இது நியாயமில்லாத விதி என்றே நான் நினைக்கிறேன்.

பில் ஆனதும் சரக்கைத் தோணிக்குக் கொண்டுபோவது. நம் கரை ஆழமில்லாதது, பெரிய தோணி தள்ளித்தான் நங்கூரமிடும். கரையிலிருந்து வள்ளத்திலும் வத்தையிலும் சரக்கு போகும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு படகுச் சீட்டு, அதில் எத்தனை சிப்பம், என்ன குறி என்று எழுதியிருக்கும். படகுச் சீட்டுகளின் கூட்டுத்தொகை பில்லோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு நடையில் மூட்டை கிழிந்து இரண்டாகக் கட்டினால் சிப்பக் கணக்கு ஒன்று கூடிவிடும், எடை மாறாது. அலையில் நனைந்த மூட்டையைக் கரைக்குத் திருப்பினால் கணக்கு ஒன்று குறையும். சின்னஞ்சிறு துண்டுக் காகிதம் என்று இதைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். எது உண்மையில் ஏறியது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி வேறில்லை.

பிறகு தண்டல் மறுபடியும் சுங்கச்சாவடிக்கு வர வேண்டும். புறப்படுவதற்கு 24 மணி நேரமாவது முன்னால் போர்ட் கிளியரன்ஸ் (துறையை விட்டுப் புறப்படும் அனுமதி) கேட்டு விண்ணப்பம், கூடவே மேனிபெஸ்ட் என்னும் சரக்குப் பட்டியல் இரண்டு பிரதி. கப்பலில் இருக்கும் ஏற்றுமதிச் சரக்கு முழுவதும் அதில் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து இங்கே இறக்காமல் விட்ட சரக்கு மிச்சம் இருந்தால் அதைத் தனியே காட்ட வேண்டும். அதையும் புதுச் சரக்கோடு சேர்த்து எழுதினால் ஷிப்பிங் பில் இல்லாத சரக்காகத் தெரியும், கிளியரன்ஸ் நின்றுவிடும். தெளிவான எழுத்துப் பிழை என்றால் கட்டணம் கட்டித் திருத்திக்கொள்ளலாம். மேனிபெஸ்டில் அடித்து எழுதி அருகே கையெழுத்து இருந்தால் அது அப்படிப்பட்ட திருத்தமாக இருக்கலாம்.

தீர்வை பாக்கி, துறைமுகக் கட்டணம், அபராதம் என்று எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. 1908-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டமும் இதையே சொன்னது. எல்லாம் சரி என்றால் கிளியரன்ஸ் கையில் வரும். அது இல்லாமல் எந்தக் கப்பலும் கிளம்பக் கூடாது. சரக்கு இல்லாமல் மணல் பாரத்தோடு போகும் வெறுங்கப்பலுக்கும் இதே விதிதான். கிளியரன்ஸைக் காட்டாத கப்பலைக் கடலுக்கு நடத்திச் செல்லப் பைலட்டுக்கும் அனுமதி கிடையாது.

காற்றுதான் இந்த ஒழுங்கை எல்லாம் கலைக்கும். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசினால் தென்கடல். விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது நல்ல காற்று வந்தால், கரையில் இன்னும் இருபது மூட்டை இருந்தாலும் தண்டல் பாய் விரிக்கவே பார்ப்பார். பில்லில் உள்ளது, தோணியில் இல்லை. சரக்குக்காரர் கப்பல் போன பின் 5 வேலை நாளுக்குள் ஏறாத சரக்கு இவ்வளவு என்று சுங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டிய தீர்வையைத் திரும்பக் கேட்கவும் அந்தக் கடிதமே ஆதாரம்.

அனுமதியில்லாத கரையில் ஏற்றுவது வேறு கதை. சுங்கத் துறைமுகம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், குறித்த இறங்குதுறையில் மட்டுமே ஏற்றலாம். தடை செய்த சரக்கைக் கொண்டுபோய்ப் பிடிபட்டால் சரக்கு பறிமுதல். அதற்கு மேல் சரக்கின் மதிப்பில் மூன்று மடங்கு வரையோ 1,000 ரூபாய் வரையோ அபராதம் போடலாம் என்றது 1878 சட்டத்தின் 167-வது பிரிவின் 8-வது உட்பிரிவு.

கரையோரத் தோணிக்கு நடைமுறை லேசானது. ஏற்றுமதித் தீர்வை இல்லை. ஆனால் தண்டலிடம் சரக்குப் புத்தகம் எப்போதும் இருக்க வேண்டும். எந்தத் துறையில் என்ன ஏறியது, எப்போது கிளம்பியது, எங்கே எப்போது இறங்கியது என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு புத்தகம் கிடைத்தால் பல பயணங்கள் கிடைத்த மாதிரி. 1962-ஆம் ஆண்டுச் சட்டமும் கரையோரக் கப்பலுக்கு இதே போன்ற ஒரு புத்தகத்தை விதித்தது.

ரங்கூன் காகிதங்களைப் படிக்கும்போது மட்டும் தேதியை நன்றாகப் பாருங்கள். பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிந்தது 1937 ஏப்ரல் 1 அன்று. அதற்கு முந்தைய நாள் வரை ரங்கூன் போன தோணி கரையோரத் தோணி, சரக்குப் புத்தகத்தில் வரும். அன்றிலிருந்து அது அந்நியத் துறை. ஒரே தோணி, ஒரே தண்டல், ஒரே சரக்கு என்றாலும் 1936-இல் ஒரு வகைக் காகிதமும் 1938-இல் வேறு வகைக் காகிதமும் இருக்கும். இரண்டையும் ஒரே கட்டில் போடாமல் பிரித்து வையுங்கள்.