இரபேல் சம்மனசுக்கு நேர்ந்த வெள்ளிக் கண்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்ததும் கிருமித் தொற்று வந்து, அந்தப் பார்வையே போய்விட்டது. ஏன் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லக்கூட ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. இடது கண்ணுக்கு நாள் குறித்தபோது அம்மா நடுங்கிப்போனார். "இரபேல் சம்மனசே, தோபித்துக்குக் கேட்ட மாதிரி எனக்கும் ஆண்டவர்கிட்ட கேளப்பா. உன் திருநாளுக்கு மலைக்கு வந்து வெள்ளிக் கண் போடுறேன்" என்று நேர்ந்துகொண்டார். சம்மனசு என்றால் வானதூதர். மலை என்றால் ஏற்காடு. அம்மா பிறந்தது அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில். முதன்முதலாக நற்கருணை பெறும் புதுநன்மை வாங்கியதும் அங்கேயுள்ள திருஇருதயக் கோயிலில்தான்.

இரபேல் திருநாளான செப்டம்பர் 29 என்றால் காலாண்டு லீவு. சேலத்திலேயே பஸ்ஸுக்குள் கால் வைக்க இடமில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட வயதான அம்மாவைப் பார்த்தும், கர்ச்சீப் போட்டு சீட் பிடித்தவர்கள் எழவில்லை. அடிவாரம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அம்மாவுக்குக் குமட்டல். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டே கடந்தார். ஏரிப் பக்கம் இறங்கினால் புரோக்கர்கள் தொல்லை. "ரூம் வேணுமாக்கா?" "கோயிலுக்குப் போறோம் தம்பி" என்றால், "சேர்வராயன் கோயிலா? ஜீப் இருக்கு" என்று பின்னாலேயே வருகிறார்கள். வேண்டுதலோடு வருகிறவர்களைக் கொஞ்சம் விட்டுவிடலாம்.

சரி, கோயிலுக்குள் நுழைந்ததும் அதெல்லாம் போய்விட்டது.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து வெள்ளிக் கண்களை எடுத்தார். பூவரச இலையைவிடச் சின்னத் தகடு, அதில் இரண்டு கண்கள் புடைத்து நிற்கும். வியர்வையில் நனைந்திருந்ததைச் சேலையில் துடைத்து, முத்தமிட்டு, உண்டியலில் போட்டார். அப்புறம் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

பூசையில் அன்று எனக்கு எங்கள் பைபிளில் உள்ள தோபித்து ஆகமமே மனதில் ஓடியது. குருவி எச்சம் விழுந்து கண் தெரியாமல் போன தகப்பன் தோபித்து. மகன் தோபியாவோடு வழித்துணையாக நடந்த இரபேல், கூடவே ஒரு நாய். திக்ரீசு ஆற்றில் பிடித்த மீனின் பித்தப்பை தகப்பன் கண்ணுக்கு மருந்தாகிறது. கூலி கொடுக்கலாம் என்று கூப்பிட்டால்தான் அவர் யார் என்பதே அவர்களுக்குத் தெரிகிறது. ஆண்டவரின் மாட்சிக்கு முன் நிற்கும் ஏழு வானதூதருள் ஒருவர்! குப்புற விழுந்தவர்களிடம் அவர் என்ன சொன்னார்? அஞ்சாதீர்கள், நான் வந்தது கடவுளின் விருப்பத்தால், அவரைப் போற்றுங்கள் என்றார். திருவெளிப்பாட்டின் கடைசி அதிகாரத்திலும் இதேதான். யோவான் தூதரின் காலில் விழப்போகிறார்; வேண்டாம், நானும் உன்னைப்போல் ஊழியன்தான், கடவுளைத் தொழு என்கிறார் அந்தத் தூதர்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்; அவர் பைபிளில் தோபித்து கிடையாது. இந்த நேர்ச்சையைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் தூதர்கள் எல்லாரும் மீட்பைப் பெறப்போகிறவர்களுக்குப் பணிவிடை செய்ய அனுப்பப்படும் ஆவிகள் என்று எபிரேயர் முதல் அதிகாரத்தை அவரே எடுத்துச் சொன்னார். அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. சம்மனசை நாங்கள் ஆராதிப்பதில்லை. சம்மனசோடு சேர்ந்து ஆராதிக்கிறோம். அவர்கள் ஆண்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நமக்காகவும் வருகிறார்கள்.

வானதூதர்களோடும் அதிதூதர்களோடும் சேர்ந்து பாடுவோம் என்று சாமியார் சொன்னதும் எல்லாரும் "தூயவர், தூயவர், தூயவர்" தொடங்கினார்கள். இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியில் ஆறு சிறகுள்ள சேராபீன்கள் என்ற வானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பாடிய அதே துதி. அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பீடத்தை இடதுகண்ணால் நேராகப் பார்த்தார். பூ ஜாடியையும் மெழுகுவத்திகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, "அந்தக் கடைசி திரி அணைஞ்சிருக்கு பாரு" என்று என் காதில் சொன்னார். பார்த்தேன், அணைந்துதான் இருந்தது. அதற்குமேல் எனக்குப் பாட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. அம்மா மட்டும் அத்தனை பேர் குரலுக்கும் மேலே பாடிக்கொண்டிருந்தார்.

ஆண்டவரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம். ஒரு கண் போதும் என்று கேட்டோம், கொடுத்தீர். இரபேலே, உம்மை அனுப்பியவருக்கு எங்களோடு சேர்ந்து நீரும் நன்றி சொல்லும். அக்டோபர் 2 காவல் சம்மனசுகள் திருநாளுக்குப் பேரனையும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை மலையேற வேண்டும் என்கிறார் அம்மா. பஸ் கூட்டத்தைப் பற்றி இந்த முறை நான் வாயே திறக்கவில்லை.