கானா படம் எடுக்கிறீங்களா? முதல்ல மெட்டு யாருதுன்னு பாருங்க

சென்சார் முடிஞ்சுது, யுஏ 13+. பாட்டு வரியெல்லாம் டைப் பண்ணி அப்லோட் பண்ணதோட அந்த வேலை ஓஞ்சுது. எங்களைப் படாதபாடு படுத்தினது ஒரு பழைய மெட்டு.

வியாசர்பாடியில மரண கானா, அதாவது சாவு வீட்டுல பாடுற கானா, பாடுற ஒரு பொண்ணைப் பத்தின சின்ன பட்ஜெட் படம். (கானா பாடகி இசைவாணி 2020லயே பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல வந்துட்டாங்க, இன்னமும் "பொண்ணுங்க கானா பாடுமா?"ன்னு கேக்குற தயாரிப்பாளருங்க இருக்காங்க.) சாவு வீட்டு சீன்ல வரி அவளோடது, மெட்டு சினிமாவோடது. கானாவுல இது சகஜம். தெருவுல பாடினா யாரும் கேக்க மாட்டாங்க, படத்துல பாடினா கேப்பாங்க. இசையமைச்சவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் மெட்டுக்கு உரிமை இருக்கு.

ஷூட்டிங்குக்கு முன்னாடியே ஒரு ஆடியோ கம்பெனிக்குப் போனோம். "எந்த ரெக்கார்டிங் வேணும்?"னார் அங்க இருந்தவர். ரெக்கார்டிங் வேணாம் சார், மெட்டு மட்டும்தான்னேன். "பாட்டே வேணாம்னா எதுக்கு சார் வந்தீங்க?" அலைஞ்சு, அட்வான்ஸும் கட்டி, ஷூட்டிங் முடிஞ்ச பிறகுதான் கடிதம் வந்துச்சு. பிரிச்சா, அந்த ரெக்கார்டிங்குக்குத்தான் அனுமதி, அதுவும் தியேட்டருக்கு மட்டும். மெட்டு உரிமை பழைய தயாரிப்பாளர் குடும்பத்துகிட்ட இருக்கலாமாம். அவங்களோ "கேசட் காலத்துலயே எழுதிக் குடுத்தாச்சு"ன்னு கம்பெனியையே கைகாட்டினாங்க. பத்திரம் ரெண்டு பக்கமும் இல்ல.

பாட்டெழுதுறவங்க, இசையமைக்கிறவங்களுக்கு ராயல்டி வசூலிக்கிற ஐபிஆர்எஸ் சங்கத்துல பணம் கட்டினா போதும்னு சிலர் சொல்வாங்க. நம்பாதீங்க. அது கச்சேரி, ஓட்டல், ரேடியோ கணக்கு. காட்சிக்குள்ள மெட்டைச் சேர்க்க உரிமைக்காரர் தனியா எழுதித் தரணும்.

கடைசியில அந்தப் பொண்ணே, "மெட்டு வோணாண்ணா. வார்த்தை என்னுது, வேற மாதிரி பாடிக்கிறேன்"னா. தீப்பெட்டியில தாளம் தட்டி அங்கேயே ஒரு மெட்டு போட்டா. சந்தம் அதேதான்ங்கிறதால உதட்டசைவு அப்படியே பொருந்துச்சு. ஆனா லைவ் சவுண்டுல குரலோட டோலக்கும் சட்டியும் கலந்து கிடந்துச்சு, மொத்தத்தையும் ஸ்டுடியோவுல திரும்ப வாசிச்சோம். "அப்பா"ன்னு இழுக்கிற இடத்துல மட்டும் வாய் ஒட்டல. எடிட்டர் அங்க பூமாலை ஷாட்டுக்குக் கட் பண்ணிட்டார். இப்ப அந்த சீன் முன்னைவிட நல்லா இருக்கு. அட்வான்ஸ்தான் திரும்பி வரல.

பாட்டெழுதினவங்ககிட்ட வெறும் கையெழுத்து வாங்கி வெச்சுக்காதீங்க. எத்தனை வருஷம்னு எழுதலைன்னா சட்டப்படி 5 வருஷம்தான். எந்தெந்த நாடுன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும்போது முழிக்க வேண்டி வரும்.

புளியந்தோப்புல ஒரு பெரியவர் இன்னொரு பாட்டு குடுத்தார். "டிவியில ஓடினா எனக்குத் துட்டு வருமா தம்பி?"ன்னார். வரும் ஐயா, 2012 திருத்தத்துக்கு அப்புறம் தியேட்டருக்கு வெளிய ஓடுறதுக்கான ராயல்டியை நீங்களே விட்டுக்குடுத்தாலும் செல்லாதுன்னேன். அதையும் பத்திரத்துல எழுத வெச்சுட்டுத்தான் பேனாவைத் தொட்டார்.