அழகாகக் காட்டும் கட்டம்

சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நுழைந்து டேட்டா பார்ப்பவர்களுக்குக் கோப்பைத் திறப்பதும் 'இது இல்லை' என்று மூடுவதும்தான் பாதி வேலை. ரேஞ்சர் மாதிரியான, கட்டளைத் திரையிலேயே ஓடும் டெர்மினல் ஃபைல் மேனேஜர் அதைக் குறைக்கிறது. பட்டியலில் கோப்பின் மேல் போய் நின்றாலே போதும், உள்ளே இருப்பது வலது பக்கக் கட்டத்தில் முன்னோட்டமாகத் தெரியும்.

ஜேசான் கோப்புதான் தொல்லை. தகவலைச் சாவி, மதிப்பு என்று ஜோடியாக எழுதும் உரை வடிவம் அது. புரோகிராம்கள் எழுதித்தள்ளும் ஜேசான் பெரும்பாலும் ஒரே நீள வரி. பார்த்தால் ஒன்றும் புரியாது. ரேஞ்சரில் முன்னோட்டத்தைத் தயாரிப்பது ஸ்கோப் டாட் எஸ்எச் என்ற ஷெல் ஸ்க்ரிப்ட். கோப்பின் பாதையும் கட்டத்தின் அகல உயரமும் அதற்குப் போகும்; அது அச்சிடுவது திரைக்கு வரும். அதில் ஜேசானைப் படித்து ஒழுங்காக அச்சிடும் ஜேக்யூ என்ற கருவியைக் கூப்பிட ஒரு வரி போதும். உள்தள்ளல், வண்ணம் எல்லாம் வந்துவிடும்.

சின்னக் கோப்புகள்வரை சுகம். ஆனால் ஜேக்யூ ஒரு மதிப்பை முழுவதும் படித்து முடித்த பிறகே அச்சிட ஆரம்பிக்கும். கோப்பு முழுக்க ஒரே அர்ரே (அடைப்புக்குறிக்குள் ஒரே பட்டியல்), அதுவும் ஜிபி கணக்கில் என்றால் மெமரி போய்விடும். தலைப்பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் மூடும் அடைப்புக்குறி இல்லை என்று பிழை சொல்லும். அதனால் அளவு வரம்பு ஒன்று வைத்து, தாண்டினால் முதல் சில பைட்டுகளை அப்படியே காட்டச் சொல்லிவிட்டேன். வரிக்கு ஒரு பதிவாக எழுதிய கோப்பில் இந்தச் சிக்கலே இல்லை. முதல் நூறு வரியை எடுத்தாலும் ஒவ்வொன்றும் முழுசு. எல்லோரும் அப்படியே எழுதித் தொலைத்தால் என்ன?

எனக்கு உறுத்துவது வேறு. "ஃபைல்ல இருக்கிற ஐடி டேட்டாபேஸ்ல இல்லையே" என்று டீமில் ஒருவர் வந்து கேட்டார். ஐடி சரியாகவே இருந்தது. முன்னோட்டம்தான் மாற்றிக் காட்டியது. ஜேக்யூ எண்களை டபுளாக, அதாவது 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக, வைத்துக்கொள்கிறது. 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் கடைசி இலக்கங்களுக்கு உத்தரவாதம் கிடையாது. பழைய பதிப்புகளில் 9007199254740993 என்பது 9007199254740992 ஆகிவிடும். 2023-இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து, நாம் கணக்குப் போடாதவரை எண்ணை எழுதியபடியே காட்டுகிறது. ஆனால் சர்வர்களில் பழைய பதிப்புகள் எளிதில் சாவதில்லை. ஒரே சாவி இரண்டு முறை வந்தால் கடைசியை மட்டும் காட்டும் பழக்கமும் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட பழுதைத் தேடிப் போனவருக்கு முன்னோட்டத்தில் எல்லாம் சுத்தமாகத் தெரியும்.

அப்புறம் டீமில் எல்லோருக்கும் ரேஞ்சரின் இசட், வி விசைகளைக் காட்டினேன். அடுத்தடுத்து அழுத்தினால் முன்னோட்ட ஸ்க்ரிப்ட் அணைந்து கோப்பு உள்ளபடி தெரியும், மறுபடி அழுத்தினால் அழகு திரும்பும். ஐடி, தொகை மாதிரி இலக்கம் முக்கியமான இடங்களில் அணைத்துத்தான் பார்க்கிறோம்.

கமாவால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்புகளுக்கு முதலில், நெடுவரிசையாக அடுக்கிக் காட்டும் காலம் (column) கட்டளையைப் போட்டிருந்தார்கள். மேற்கோளுக்குள் இருக்கும் கமாவையும் அது வெட்டும், முகவரி வந்தாலே நெடுவரிசை நகர்ந்துவிடும். மேற்கோளைப் புரிந்து பிரிக்கும் மில்லர் என்ற கருவியை வைத்தபின் அந்தப் பேச்சு இல்லை.