செல்லோவுக்கும் ஒரு பாலிசி

பொண்ணோட செல்லோவுக்கு (பெரிய வயலின் மாதிரி, வில்லால வாசிக்கற கருவி) இன்சூரன்ஸ் ஃபார்ம் நிரப்பிட்டு இருக்கேன், பக்கத்துல உக்காந்து "அப்பா, வில்லையும் சேத்து எழுதுங்க"ங்கறா.

சரியாத்தான் சொல்றா. வில்லுக்குத் தனியா மதிப்பு போட்டுடறதுதான் நல்லது, உடைஞ்சப்புறம் பேசிப் பிரயோஜனமில்ல.

பிரீமியம் கம்மியான்னு மட்டும் பாக்காதீங்க மக்களே. ஆளில்லாத கார்ல இருந்து திருடு போனா கவர் உண்டா, ஸ்கூலுக்கு வெளிய கச்சேரிக்குக் கொண்டு போனா உண்டா, தேய்மானம் கழிச்சுத் தருவாங்களா இல்ல புதுசு வாங்கற காசே தருவாங்களா, எல்லாம் பொடி எழுத்துல கிடக்கும். கம்பி பழசாகி அறுந்தா பெரும்பாலும் கைவிரிச்சிடுவாங்க.

வாடகைக்கு எடுத்ததுன்னா ஒப்பந்தத்துலயே கவர் இருக்கலாம், ரெண்டு தடவ கட்டாதீங்க.

இப்ப அவளோட செல்லோ 1/2 சைஸ், பசங்களுக்கான சின்ன அளவு. வளந்து அடுத்த சைஸ் 3/4 வாங்கும்போது பாலிசியிலயும் மாத்தணும், இல்லன்னா கிளெய்ம் போடறப்ப பில்லும் கருவியும் ஒத்துப்போகாது.